ஓடை செத்தது, விதிமீறல் ஏதும் இல்லை

சியாட்டில் நகரின் மேற்குப் பகுதியில் லாங்ஃபெலோ என்றொரு ஓடை இருக்கிறது. சில கிலோமீட்டர் நீளம்தான். வீடுகளின் கொல்லைப்புறம், ஒரு கோல்ஃப் மைதானம், பிறகு தொழிற்சாலைப் பகுதிக்கு அடியில் நீண்ட குழாய் என்று ஓடி டுவாமிஷ் ஆற்றில் போய்ச் சேர்கிறது. 1990-களின் பிற்பகுதியில் இந்த ஓடையைச் சீர்செய்ய நகரம் முனைந்தது. மீன் ஏற முடியாத தடைகளை எடுத்தார்கள், கரையில் மரம் நட்டார்கள், நீரின் வேகம் தணிய மரத்தடிகளைக் குறுக்கே போட்டார்கள். எதிர்பார்த்தபடியே இலையுதிர்காலத்தில் கோஹோ சால்மன்கள் கடலிலிருந்து திரும்பி வந்தன.

வந்த மீன்கள் முட்டையிடாமல் செத்தன. மழை பெய்து சாலைத் தண்ணீர் ஓடையில் இறங்கிய சில மணி நேரத்தில் மீன் மேல்மட்டத்துக்கு வந்துவிடும். வாயைப் பிளந்து பிளந்து மூடும். துடுப்புகள் விறைத்து விரியும். தடுமாறி வட்டமடித்துப் பக்கவாட்டில் சாயும். செத்த பெண்மீனின் வயிற்றைக் கீறினால் சினை அப்படியே இருக்கும். கடல்வரை போய்த் திரும்பிய மூன்றாண்டு வாழ்க்கை, முட்டையிட வேண்டிய சரளைப் படுகைக்குப் பக்கத்திலேயே முடிந்துபோகும். 2002 முதல் 2009 வரை நடந்த கணக்கெடுப்பில், ஒவ்வொரு பருவத்திலும் இங்கு வந்த மீன்களில் 60 முதல் 100 விழுக்காடு இப்படித்தான் செத்தன. நகரத்துக்கு வெளியே காட்டுப்பகுதியில் ஓடும் ஃபோர்ட்சன் ஓடையில் 2002-இல் எண்ணியபோது, சாவு நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை.

நோயா, வெப்பமா, ஆக்சிஜன் குறைவா, பூச்சிக்கொல்லியா என்று ஒவ்வொன்றாகப் பார்த்து ஒதுக்கினார்கள். கொலையாளியின் பெயர் தெரிய 2020 டிசம்பர் ஆயிற்று. அதைப் பிறகு சொல்கிறேன். அதைவிட முன்னால் கவனிக்க வேண்டிய சங்கடமான உண்மை ஒன்று உண்டு: ஓடைக்குத் தண்ணீர் அனுப்பிய தெருக்கள், கூரைகள், கார் நிறுத்தங்கள் பெரும்பாலும் அந்தந்தக் காலத்து விதிகளின்படி அனுமதி பெற்றுக் கட்டப்பட்டவை. திருட்டுத்தனமாகக் கழிவைத் திறந்துவிட்ட ஆலை எதுவும் கதையில் இல்லை. கரையிலிருந்து அரை மைல் தள்ளி ஒரு மனையில் எவ்வளவு கூரை போடலாம், மேல்மண்ணை என்ன செய்யலாம் என்று சொல்கிற கட்டட விதிப் பக்கங்களில்தான் ஓடையின் ஆயுள் எழுதப்படுகிறது. அந்த விதி எதை அளக்கிறதோ அது மட்டுமே பிழைக்கும். கடந்த அரை நூற்றாண்டில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தின் பியூஜெட் சவுண்ட் கடற்கரை ஊர்கள் இதைப் பட்டுப்பட்டுக் கற்றுக்கொண்டன.

சியாட்டிலுக்கு மழை ஊர் என்று பெயர். ஆனால் ஆண்டு மழை ஏறக்குறைய 950 மில்லிமீட்டர்தான். சென்னைக்கே 1,400 மில்லிமீட்டர். நம் வடகிழக்குப் பருவமழை சில பெருமழைகளில் கொட்டித் தீர்ப்பதை, அங்கே வானம் அக்டோபரிலிருந்து ஏப்ரல்வரை தூறித் தூறிச் சேர்க்கிறது. அந்தத் தூறல் விழும் நிலம் விசித்திரமானது. சுமார் 17,000 ஆண்டுகளுக்கு முன்பு ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் தடித்த பனிப்பாறை அதன்மேல் உட்கார்ந்திருந்தது. களியும் மணலும் கல்லும் கலந்த அடிமண் அந்தப் பாரத்தில் நசுங்கி இறுகிவிட்டது. மண்வெட்டி எளிதில் இறங்காது. அதற்கு மேலே, பனி விலகிய பிறகு காடு தானே உண்டாக்கிக்கொண்ட பொலபொலப்பான மண் சுமார் ஒரு மீட்டர். மழையில் பாதிக்குக் கிட்டத்தட்ட மரங்களின் வழியாக வானத்துக்கே திரும்பிவிடும். மிச்சம் இந்த ஒரு மீட்டர் மண்ணுக்குள் இறங்கி, இறுகிய அடிமண்ணின்மேல் பக்கவாட்டில் கசிந்து, நாள்கணக்கில், வாரக்கணக்கில் நடந்து ஓடைக்கு வரும். அந்தக் காட்டில் தரைமேல் தண்ணீர் ஓடுவதைப் பார்ப்பதே அபூர்வம்.

புல்டோசர் வந்து முதல் நாளே சுரண்டி எடுப்பது இந்த ஒரு மீட்டரைத்தான். வீடு எழும்பியதும், எந்திரங்கள் ஏறி மிதித்த அடிமண்ணின்மேல் மெல்லிய மண் தூவிப் புல்தரையைப் பாய்போல் விரித்துவிடுவார்கள். பார்க்கப் பச்சை, மழைக்கு அது ஏறக்குறைய கெட்டித்தரை. கூரையும் தாரும் மட்டுமே நீர் புகாத பரப்பு என்று கணக்குப் போட்ட பழைய விதிகள் இந்தப் புல்தரையை இயற்கை நிலத்தோடு சேர்த்து எண்ணிக்கொண்டிருந்தன.

ஓடையில் நடப்பது இதுதான். காடாக இருந்தபோது சில ஆண்டுகளுக்கொருமுறை வந்த வெள்ளம், இப்போது ஒரே மழைக்காலத்தில் பல தடவை வருகிறது. கோஹோ தன் வாலால் சரளையில் குழி பறித்து, சினையை இட்டு, மேலே சரளையை மூடிவிட்டுப் போகும். அடுத்த மழையில் சரளையே பெயர்ந்து உருளும்போது முட்டையும் போகிறது. கரை அறுந்து வரும் நுண்மண் சரளைக்கல்லின் இடுக்குகளில் அடைத்துக்கொண்டால், தப்பிய முட்டைக்கு ஆக்சிஜன் எட்டாது. கோடையில் நேர்மாறு: குளிர்காலத்தில் மண்ணில் தங்க வேண்டிய நீர் குழாய் வழியே கடலுக்குப் போய்விட்டதால் ஓடை மெலிந்து சூடாகிவிடுகிறது. கோஹோ குஞ்சுகள் ஓராண்டுக்கு மேல் ஓடையிலேயே வளர்பவை. அவற்றுக்கு இந்தக் கோடைத் தண்ணீர்தான் வீடு.

எத்தனை விழுக்காடு நிலம் மூடப்பட்டால் ஓடை கெடும்? 1990-களில் புழங்கிய விடை, பத்து. நீர்ப்பிடிப்பில் பத்தில் ஒரு பங்கு கூரையும் தாருமாக மாறினாலே சேதம் கண்ணுக்குத் தெரியும் என்று பல ஆய்வுகள் காட்டின. அதிகாரிகளுக்கு அது வசதியான எண். ஒன்பதில் நிறுத்தினால் தப்பித்துவிடலாம் அல்லவா? ஆனால் அந்த வட்டாரத்து ஓடைகளை நெடுங்காலம் அளந்த டெரெக் பூத் போன்ற நீரியலாளர்கள், அப்படியொரு கோடு ஓடையில் கிடையாது என்றார்கள். சேதம் முதல் கூரையிலேயே தொடங்குகிறது. பத்து விழுக்காட்டில் அது சாதாரணக் கண்ணுக்கும் தெரிய ஆரம்பிக்கிறது, அவ்வளவுதான். கல்லைப் புரட்டி அடியில் ஒட்டியிருக்கும் பூச்சிகளை எண்ணும் உயிரியலாளருக்கு அதற்கு முன்பே தெரிந்துவிடும். ஈசல்போலப் பறக்கும் மே ஈ, கல் ஈ ஆகியவற்றின் இளம்புழுக்கள் குளிர்ந்த, தெளிந்த, சலனம் குறைந்த படுகையைக் கேட்பவை. மீன் குறைவதற்கு வெகுமுன்பே அவற்றின் வகைகள் ஒவ்வொன்றாக மறைகின்றன.

இப்போது விதிகளுக்கு வருவோம். ஆதியில் ஒரே விதி: தண்ணீரைச் சீக்கிரம் வெளியேற்று. அதன் விளைவுகள் தெரிந்த பிறகு, புது மனைப்பிரிவு போடுகிறவர் ஒரு தேக்கக் குட்டை வெட்ட வேண்டும் என்று வந்தது. உச்ச வெள்ளம், கட்டுவதற்கு முன் இருந்த உச்சத்தைத் தாண்டக் கூடாது. கேட்க நியாயமாகத்தான் இருந்தது. பொறியாளர்கள் குட்டை வெட்டினார்கள், ஆய்வாளர்கள் கையெழுத்திட்டார்கள், ஓடைகள் தொடர்ந்து அறுந்துகொண்டே இருந்தன.

காரணம் எளிது. விதி உச்சத்தை அளந்தது. ஓடையை அறுத்ததோ நேரம். மொத்தத் தண்ணீர் பல மடங்கு கூடிவிட்டது. குட்டை அதைப் பிடித்துவைத்து, அனுமதித்த உச்சத்தை ஒட்டிய அளவில் மணிக்கணக்காக வெளியே விடும். முன்பு அரை மணி நேரம் உருண்ட சரளை இப்போது அரை நாள் உருளும். வாங்கிய அடி அதேதான்; தவணை முறையில் கிடைத்தது. போதாக்குறைக்கு, குட்டையின் கொள்ளளவை ஒரே ஒரு 24 மணி நேர மழையை வைத்துக் கணக்கிட்டார்கள். அந்த ஊர் மழையோ ஒன்றன்பின் ஒன்றாக வரிசைகட்டி வருவது. முதல் மழையின் தண்ணீர் பாதிகூட வடியாத நிலையில் இரண்டாவது வந்து நிற்கும்.

2001-இல் மாநிலச் சூழலியல் துறை மேற்கு வாஷிங்டனுக்கு வெளியிட்ட மழைநீர்க் கையேட்டில் அளவுகோலே மாறியது. பல பத்தாண்டு மழைப் பதிவைத் தொடர்ச்சியாகக் கணினியில் ஓட்டிப் பார்க்க வேண்டும். இரண்டாண்டுக்கொருமுறை வரும் வெள்ளத்தின் பாதி அளவில் தொடங்கி, ஐம்பதாண்டு வெள்ளம்வரை, ஒவ்வொரு மட்டத்திலும் தண்ணீர் எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்பது பழைய நிலையோடு பொருந்த வேண்டும். பழைய நிலை என்றால் நேற்றைய மேய்ச்சல் நிலம் என்று சொல்லித் தப்ப முடியாது. பெரும்பாலான இடங்களில் அதைக் காடு என்றே வைத்துக் கணக்கிட வேண்டும். இந்த ஒரு வரியால் குட்டைகள் பெருத்தன, மனை வியாபாரிகள் கொதித்தார்கள். தாங்கள் வெட்டாத காட்டுக்குத் தாங்கள் ஏன் ஈடு செய்ய வேண்டும் என்ற அவர்கள் கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் ஓடையின் படுகை அந்தக் காட்டு நீருக்கு ஏற்ப உருவானது.

குட்டையை எவ்வளவு பெருக்கினாலும் அது தண்ணீரைப் பிடித்து வைக்கிறதே ஒழியக் குறைப்பதில்லை. அதனால் அடுத்த கட்டம் மண்ணுக்குத் திரும்பியது. 2008-இல் மாநிலத்தின் மாசுக் கட்டுப்பாட்டு முறையீட்டு வாரியம், முடிகிற இடத்தில் எல்லாம் மழையை விழுந்த இடத்திலேயே இறக்கும் கட்டுமான முறையைக் கட்டாயமாக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. 2013-இல் நடைமுறைக்கு வந்த அனுமதிகள், நகரங்களும் மாவட்டங்களும் தங்கள் கட்டட விதிகளை அதற்கேற்பத் திருத்தக் கெடு விதித்தன. இங்கே கவனிக்க வேண்டிய ஏற்பாடு ஒன்று உண்டு. நாட்டுக்குப் பொதுவானது 1972-இன் தூய நீர்ச் சட்டம்; நகர மழைநீர் வடிகால்கள் அதற்குள் தெளிவாக வந்தது 1987 திருத்தத்தால். அந்தச் சட்டத்தின் கீழ் மழைநீரை வெளியேற்ற மாநிலம் உள்ளாட்சிக்கு அனுமதி தருகிறது. அனுமதியின் நிபந்தனையோ, நீ உன் கட்டட விதியை மாற்று என்பது. ஆக, தலைநகரில் இயற்றிய சட்டம் ஓடையைத் தொடுவது நகர அலுவலகத்தில் வரைபடம் சரிபார்க்கும் மேசையில்தான்.

இந்த விதிகளில் எனக்கு மிகப் பிடித்தது மண்ணைப் பற்றியது. கட்டி முடித்த மனையில் தோட்டப் பகுதிக்கு எட்டு அங்குல மேல்மண் இருக்க வேண்டும். செடிப் பாத்தியானால் அதில் பத்து விழுக்காடும், புல்தரையானால் ஐந்து விழுக்காடும் மக்கிய கரிமப் பொருள். அதற்கும் கீழே இறுகிப்போன அடிமண்ணை நான்கு அங்குலம் கிளறிவிட்டிருக்க வேண்டும். சரிபார்க்க வரும் ஆய்வாளரிடம் பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஒரு மண்வெட்டி, ஓர் இரும்புக் கம்பி. கம்பியைத் தன் உடல் எடையால் அழுத்துவார். ஓரடி இறங்கினால் சரி. மூன்றாவது அங்குலத்தில் முட்டிக்கொண்டு நின்றால், மேலே விரித்த பசும்புல் எவ்வளவு அழகாக இருந்தாலும் பயனில்லை. காகிதத்தில் ஒரு மாதிரியும் தரையில் வேறு மாதிரியும் செய்யும் கலை எல்லா நாட்டுக் கட்டுமானத்துக்கும் பொது. அந்தக் கம்பிக்கு அது புரிந்துவிடுகிறது.

கட்டும் காலத்துக்கும் விதி உண்டு. அக்டோபர் முதல் ஏப்ரல்வரை எந்த மண்ணையும் வேலை நடக்காமல் இரண்டு நாளுக்கு மேல் திறந்து போடக் கூடாது. வைக்கோலோ விரிப்போ போட்டு மூட வேண்டும். ஓர் ஏக்கருக்கு மேற்பட்ட மனையிலிருந்து வெளியேறும் நீரின் கலங்கலைக் கருவியால் அளக்க வேண்டும். 25 அலகைத் தாண்டினால் திருத்த வேண்டும். 250-ஐத் தொட்டால் துறைக்குத் தகவல் சொல்ல வேண்டும்.

விதி தோற்ற இடத்தையும் சொல்ல வேண்டும். சியாட்டிலைச் சுற்றியுள்ள கிங் மாவட்டம் 2004-இல் கிராமப்புற மனைகளில் மரம் அழிப்பதற்கு ஓர் உச்சவரம்பு கொண்டுவந்தது. சிறிய மனைகளில் பாதி, பெரியவற்றில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, இயற்கைத் தாவரங்களோடு விடப்பட வேண்டும். பின்னணியில் இருந்த அறிவியல், நீர்ப்பிடிப்பில் 65 விழுக்காடு காடு மிஞ்ச வேண்டும், மூடிய பரப்பு 10 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும் என்ற கணிப்பு. நில உரிமையாளர்கள் அமைப்பு ஒன்று வழக்குப் போட்டது. 2008-இல் மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த உச்சவரம்பைச் செல்லாது என்றது. மாநிலச் சட்டப்படி, மனைக்காரர் மீது சுமத்தும் நிபந்தனை அந்த மனை உண்டாக்கும் பாதிப்புக்கு நேர்விகிதத்தில் இருக்க வேண்டும். எல்லோருக்கும் ஒரே விழுக்காடு என்று போட்டுவிட்டு, இந்த மனை இவ்வளவு கெடுக்கும் என்று தனித்தனியாகக் காட்டவில்லையே என்பதுதான் நீதிமன்றத்தின் கேள்வி.

இது சாதாரணச் சட்டச் சிக்கலாகத் தெரியலாம். என் பார்வையில் பிரச்சினையின் ஆணிவேரே இதுதான். ஓடை கெடுவது கூட்டுக்கணக்கில். எந்தத் தனி மனையும் அதைக் கொல்வதில்லை. நூறு பேர் ஆளுக்கு அரை ஏக்கர் திருத்தும்போது, நூறாவது ஆளின் அரை ஏக்கரைக் காட்டி இதுதான் காரணம் என்று எவராலும் நிரூபிக்க முடியாது. அறிவியல் நீர்ப்பிடிப்பைப் பார்க்கிறது, சட்டம் பட்டாவைப் பார்க்கிறது. இரண்டுக்கும் நடுவில் விழுந்து தொலைகிறது ஓடை.

மனைக்கு மனை அளப்பதில் இன்னொரு கண்ணியும் இருக்கிறது. ஒரு மனையில் இவ்வளவுதான் மூடலாம் என்று கறாராக நிர்ணயித்தால், வீடுகள் தள்ளித் தள்ளிப் பெரிய மனைகளில் போய் உட்காரும். அவற்றை இணைக்கச் சாலை நீளும். நாட்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2006-இல் கணக்குப் போட்டுக் காட்டியது: ஏக்கருக்கு ஒரு வீடு என்பதற்குப் பதில் எட்டு வீடு கட்டினால், ஒரு வீட்டின் பங்குக்கு வழியும் நீர் ஏறத்தாழ முக்கால்வாசி குறைகிறது. அடர்ந்த அடுக்ககம் நிற்கும் மனை பார்க்கக் கொடுமையாக இருக்கும், முழுக்க கான்கிரீட். ஆனால் அதில் வாழும் குடும்பங்கள் காட்டுக்குள் போகவில்லை. வாஷிங்டனின் 1990-ஆம் ஆண்டு வளர்ச்சி மேலாண்மைச் சட்டம் ஊர்களைச் சுற்றி எல்லைக்கோடு போடச் சொன்னது மழைநீருக்காக மட்டும் இல்லை. இருந்தும் ஓடைகளுக்குக் கிடைத்த பெரிய பாதுகாப்புகளில் அந்தக் கோடும் ஒன்று என்பேன்.

இனி கொலையாளி. வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஜெனிஃபர் மக்இன்டைரும் மத்தியக் கடல்சார் முகமையின் ஆய்வாளர்களும் நெடுஞ்சாலையிலிருந்து வடிந்த மழைநீரைப் பிடித்துக் கோஹோவை அதில் விட்டார்கள். ஒரு நாளுக்குள் எல்லாம் செத்தன. சாலை நீரில் இருக்கும் உலோகங்களையும் எண்ணெய்ச் சேர்மங்களையும் அளந்து செயற்கையாகக் கலந்த நீரில் மீன் சாகவில்லை. அப்படியானால் பட்டியலில் இல்லாத ஏதோ ஒன்று. அதே சாலை நீரை, அறுபது பங்கு மணலும் நாற்பது பங்கு மக்கிய உரமும் கலந்த மண்ணடுக்கின் வழியே வடியவிட்டபோது மீன்கள் பிழைத்தன. நஞ்சு இன்னதென்று தெரியாமலே மருந்து கிடைத்துவிட்டது. சாலையோர மழைத்தோட்டத்துக்குக் கையேடு சொல்லியிருந்த அதே கலவை.

பிறகு டயர் ரப்பர் ஊறிய நீரை எடுத்து, அதிலிருந்த இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட சேர்மங்களைப் பிரித்துப் பிரித்து, எந்தப் பகுதி கொல்கிறது என்று பின்தொடர்ந்தார்கள். ஷென்யு தியான், எட்வர்ட் கொலோட்சிய் ஆகியோர் இருந்த அந்தக் குழு கடைசியில் போய் நின்றது 6பிபிடி-குவினோன் என்ற பொருளில். ஓசோன் பட்டு ரப்பர் வெடிக்காமல் இருக்க டயர்களில் 6பிபிடி என்ற சேர்மத்தைக் கலக்கிறார்கள். உலகெங்கும், நம் ஊர் டயரிலும் உண்டு. ரப்பரைத் தாக்க வரும் ஓசோனோடு தானே முந்திச் சேர்வதுதான் அதன் வேலை. அப்படிச் சேரும்போது இரண்டு ஹைட்ரஜனை இழந்து இரண்டு ஆக்சிஜனைப் பெறுகிறது, பிறப்பது குவினோன். பின்னால் திருத்திச் சொன்ன அளவுப்படி, பத்து லட்சம் லிட்டர் நீரில் 0.1 கிராம் இருந்தாலே கோஹோ குஞ்சுகளில் பாதி ஒரு நாளில் செத்துவிடும். அதே சாலை நீரில் சம் சால்மன் சலனமில்லாமல் நீந்துகிறது என்பது இன்னொரு புதிர்.

மக்கிய உரம் போட்ட கலவைக்கும் குறை உண்டு. அதிலிருந்து பாஸ்பரசும் நைட்ரஜனும் கசிந்து ஏரிகளில் பாசியை வளர்க்கின்றன. எனவே 2021-இல் மாநிலம் வேறொரு கலவையையும் ஏற்றுக்கொண்டது: எழுபது பங்கு மணல், பத்து பங்கு உயிர்க்கரி, இருபது பங்கு தென்னை நார்த்தூள். பொள்ளாச்சிப் பக்கம் மலையாய்க் குவிந்து கிடக்கும் அதே சரக்குதான்.

இவ்வளவும் பெரும்பாலும் புதிதாகக் கட்டுகிற இடத்துக்குத்தான். மாநிலக் கையேட்டின்படி 2,000 சதுர அடி புதிய கெட்டித்தரை வந்தால்தான் மண்ணும் வடிகாலும் பற்றிய விதிகள் விழித்துக்கொள்கின்றன. 5,000-ஐத் தொட்டால்தான் முழுப் பட்டியலும். லாங்ஃபெலோவைச் சூழ்ந்த தெருக்கள் இந்த விதிகளுக்கு வெகுமுன்பே போடப்பட்டவை. எவரும் இடித்துக் கட்டாதவரை அவற்றைத் தொட விதிக்கு வழியில்லை. நகரம் தானாக முன்வந்து திருத்தினால் பலன் கிடைக்கிறது. 2001-இல் சியாட்டிலின் வடக்கே ஒரு குடியிருப்புத் தெருவை 25 அடியிலிருந்து 14 அடியாகக் குறுக்கி, வளைத்து, இருபுறமும் செடிகொடிகள் அடர்ந்த பள்ளங்கள் அமைத்தார்கள். இரண்டாண்டு அளந்ததில், தெருவைவிட்டு வெளியேறிய மழைநீர் 99 விழுக்காடு குறைந்திருந்தது. ஆனால் அது ஒரு தெரு. நகரம் முழுக்கத் தெருவாக இருக்கிறது.

ஆகவே நஞ்சை டயரிலேயே நிறுத்த முடியுமா என்று கேட்கிறார்கள். சால்மனை நம்பி வாழும் யுராக், போர்ட் கேம்பிள் ஸ்க்லாலம், புயாலப் பழங்குடியினர் கொடுத்த மனுவைச் சுற்றுச்சூழல் முகமை 2023 நவம்பரில் ஏற்றுக்கொண்டது. அதற்கு ஒரு மாதம் முன்பே கலிஃபோர்னியா, 6பிபிடி கலந்த டயரை அங்கே விற்கும் தயாரிப்பாளர்கள் மாற்றுப் பொருளைத் தேடி ஆராய வேண்டும் என்று விதி கொண்டுவந்துவிட்டது. மாற்று எளிதில் கிடைக்கிற பொருளில்லை. ஓசோனைத் தடுக்காத டயர் ஓடும் காரில் வெடிக்கும். அதே குடும்பத்தைச் சேர்ந்த வேறொரு சேர்மத்தைப் போட்டால், அதுவும் ஓசோனோடு சேர்ந்து தன் குவினோனைப் பெற்றெடுக்கும். அந்தக் குவினோன்கள் ஒவ்வொன்றும் எந்த மீனை என்ன செய்யும் என்று சோதித்துக்கொண்டிருக்கிறார்கள்.